மார்ஜினைத் தட்டிப் பார்ப்பது எப்படி

பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன் மகன் போனை என் முன்னால் நீட்டினான். "அத்தை, இதப் பாருங்க. மூணு வருசத்துல மார்ஜின் பதினொண்ணுல இருந்து பதினெட்டு. ரெண்டு லட்சத்துக்கு ஷேர் வாங்கிப் போட்டிருக்கறனுங்க." திரையில் ஒரு பச்சைக் கோடு படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

"எதனால ஏறுச்சு கண்ணு?"

"நல்ல மேனேஜ்மென்ட்டுங்க."

அந்தப் பதில்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். பேர் சொல்ல மாட்டேன், மில்லும் இப்போது இல்லை. மார்ஜின் என்றால் நூறு ரூபாய் விற்பனையில் லாபமாக நிற்பது எத்தனை ரூபாய் என்பது. மார்ஜின் ஏறினால் ஒன்று சரக்கு விலை கூடியிருக்க வேண்டும், இல்லை செலவு குறைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கணக்கு எழுதும் பேனா வேலை செய்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் கம்பெனியே வாய் நிறையச் சொல்லிவிடும். மூன்றாவதை நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கடைசி ஐந்து வருட ஆண்டறிக்கைகள், ஒரு நீள நோட்டு, பென்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். ஆண்டறிக்கை கம்பெனியின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். போனில் வரும் பச்சைக் கோட்டை ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதலில் எந்த மார்ஜின் என்று கேளுங்கள். விற்பனையில் சரக்குச் செலவை மட்டும் கழித்தால் ஒன்று. சம்பளம், கரண்ட், வாடகை எல்லாம் கழித்தால் இன்னொன்று. தேய்மானம் (இயந்திரம் மாதிரி சொத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து வருடா வருடம் எழுதும் செலவு), வட்டி, வரி எல்லாம் போய்க் கடைசியில் கையில் நிற்பது மூன்றாவது. கம்பெனி எந்த மார்ஜினைத் தம்பட்டம் அடிக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எழுதுங்கள். ஒன்று ஏறி மற்றது ஏறாமல் இருந்தால் இடையில் என்ன புகுந்தது என்று பார்க்கலாம். மூன்றும் சேர்ந்து ஏறினாலும் நிம்மதி அடைய வேண்டாம், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை மூன்றையும் ஒன்றாகத்தான் தூக்கும்.

அந்த வித்தையின் பெயர் இருப்பு. மார்ச் 31 ராத்திரி எங்கள் மில்லில் ஸ்டாக் எடுப்பு. பஞ்சுக் கிடங்கில் பேல்களை எண்ணுவது சுலபம், ஒரு பேல் சுமார் 170 கிலோ. நூல் மூட்டையும் எண்ணிவிடலாம். தொல்லை எல்லாம் பஞ்சுக்கும் நூலுக்கும் நடுவில், மெஷின்களில் ஓடுகிற சரக்கில்தான். புளோ ரூமில் பாதி, கார்டிங்கில் கொஞ்சம், டிராயிங் கேன்களில் சுருண்டு கிடப்பது, சிம்ப்ளெக்ஸ் பாபின், ரிங் ஃபிரேமில் பாதி நிறைந்த காப், அதாவது நூல் சுற்றும் குழல். இதை யாரும் தராசில் வைப்பதில்லை. ஒரு கேனுக்கு இத்தனை கிலோ, ஒரு பாபினுக்கு இத்தனை கிராம் என்று வைத்து எண்ணிக்கையால் பெருக்குவோம். பெருக்கும் எண்ணை யார் முடிவு செய்வது? அதுதான் கேள்வி.

ஒரு வருடம் மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "பேங்க்காரங்க வர்றாங்கம்மா, பிராசஸ் ஸ்டாக்கக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாதி நிறைந்த பாபின்கள் முழு பாபின்கள் ஆயின. கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் போன மாதம் விற்ற விலைக்குப் பதிலாக, அந்த வருடத்திலேயே உச்சத்தில் விற்ற விலை போடப்பட்டது. நான்தான் எழுதினேன். இருபத்தாறு வயது, கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தோம். சரி, அதை விடுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். வருட ஆரம்பத்தில் 15 கோடி இருப்பு. 60 கோடிக்கு வாங்கினோம். வருடக் கடைசியில் உண்மையில் இருப்பது 15 கோடி. அப்படியானால் கரைந்த சரக்கு 60 கோடி. மற்ற செலவு 36 கோடி. விற்பனை 100 கோடி என்றால் லாபம் 4 கோடி, 4 சதவீதம். இப்போது கடைசி இருப்பை 15க்குப் பதில் 17 என்று எழுதுங்கள். கரைந்தது 58 ஆகிவிட்டது, லாபம் 6 சதவீதம். ஒரு கிலோ நூல்கூட அதிகம் விற்கவில்லை, ஒரு யூனிட் கரண்ட்கூட மிச்சமாகவில்லை. ஒரே ஒரு எண்தான் மாறியது.

வினை அடுத்த வருடம் வரும். போன வருடக் கடைசி இருப்பே இந்த வருட ஆரம்ப இருப்பு. 17இல் தொடங்கி உண்மையான 15இல் முடித்தால் கரைந்தது 62, லாபம் 2 சதவீதமாக விழும். யாருக்கு மனசு வரும்? மறுபடி 6 காட்ட வேண்டுமென்றால் கடைசி இருப்பை 19 என்று எழுத வேண்டும். அதற்கடுத்த வருடம் 21. கிடங்கில் இருப்பது அதே 15 கோடிச் சரக்குதான், புத்தகத்தில் மட்டும் 6 கோடி வளர்ந்துவிட்டது. எங்கள் மில்லில் இது நான்காவது வருடம் நின்றது. புதிதாக வந்த ஆடிட்டர் ஒருவர் ரிங் ஃபிரேம் பக்கம் நடந்துபோய் ஒரு காப்பை உருவித் தராசில் வைக்கச் சொன்னார்.

வெளியில் இருக்கும் நீங்கள் காப்பை உருவ முடியாது. ஆனால் இரண்டு எண்களைப் பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் இருப்பு, லாப நட்டக் கணக்கில் சரக்குச் செலவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். எத்தனை நாள் சரக்கு கையில் இருக்கிறது என்று தெரியும். மேலே சொன்ன கணக்கில் 91 நாள் என்பது மூன்று வருடத்தில் 132 நாளாகிவிடும். மார்ஜினும் ஏறி, இருப்பு நாளும் ஏறினால் நின்று யோசியுங்கள். நல்லபடியாக ஓடும் சரக்கு கிடங்கில் தேங்காது. காலாண்டு முடிவிலும் இது தெரியும். செலவுப் பட்டியலில் 'முடிந்த பொருள், நடப்பில் உள்ள பொருள் இருப்பில் மாற்றம்' என்று ஒரு வரி உண்டு, அநேகம் பேர் தாண்டிப் போய்விடுவார்கள். அதில் அடைப்புக்குறிக்குள் பெரிய எண் இருந்தால் இருப்பு கூடியதால் செலவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். காலாண்டு முடிவை ஆடிட்டர் முழுத் தணிக்கை செய்வதில்லை, மேலோட்டமான மறுபார்வைதான் செய்வார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் பொய்யே எழுதாமல் செய்கிற வகை ஒன்று உண்டு. ஒரு ஃபேக்டரிக்கு வருடத்துக்கு 20 கோடி நிலைச் செலவு, அதாவது எத்தனை பீஸ் செய்தாலும் மாறாத செலவு, என்று வைப்போம். 10 லட்சம் பீஸ் செய்தால் பீஸுக்கு 200 ரூபாய். விற்பனை அதே 10 லட்சம்தான், ஆனால் பன்னிரண்டரை லட்சம் பீஸ் செய்கிறார்கள். இப்போது பீஸுக்கு 160. விற்ற பீஸுக்குப் போனது 16 கோடி மட்டுமே. மீதி 4 கோடி கிடங்கில் இருக்கும் இரண்டரை லட்சம் பீஸ்களோடு போய் ஒளிந்துகொண்டது. லாபம் 4 கோடி கூடும். எல்லாம் விதிப்படிதான். விற்காத பொருளை அதிகம் செய்ததற்காக லாபம் கூடுகிறது என்பது புதிதாகக் கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. இதையும் அதே இருப்பு நாள் கணக்கு பிடித்துக்கொடுக்கும்.

அடுத்தது செலவைச் சொத்தாக்குவது. ரிங் ஃபிரேமில் ரப்பர் காட்ஸ், ஏப்ரன், டிராவலர் எல்லாம் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய சாமான்கள். அது செலவு. ஆனால் 'இயந்திர மேம்பாடு' என்று தலைப்புப் போட்டுச் சொத்துக் கணக்கில் ஏற்றினால் 5 கோடி செலவு இந்த வருடம் 50 லட்சமாகச் சுருங்கும், மீதி அடுத்த ஒன்பது வருடத்துக்குத் தேய்மானமாகப் பரவும். இருபது வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற டெலிபோன் கம்பெனி இதைத்தான் கடல் அளவுக்குச் செய்தது. மற்ற கம்பெனிகளின் லைனைப் பயன்படுத்தக் கொடுக்கிற கட்டணம், நம் வீட்டுக் கரண்ட் பில் மாதிரி மாதாமாதச் செலவு. அதைச் சொத்தாக எழுதினார்கள். அந்தக் கட்டணம் விற்பனையில் 42 சதவீதத்தை ஒட்டியே இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று குறி வைத்திருந்தார்கள். சந்தை சரிந்துகொண்டிருந்தது, அவர்களுடைய விகிதம் மட்டும் அசையவில்லை. 2002 ஜூனில் 380 கோடி டாலர் என்று வெளியே வந்தது, தோண்டத் தோண்ட 1100 கோடி டாலருக்குப் போனது. கண்டுபிடித்தது வெளி ஆடிட்டர் இல்லை, கம்பெனியின் உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைமை வகித்த சிந்தியா கூப்பர். இரவில் உட்கார்ந்து பதிவுகளைத் தோண்டியவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தேட வேண்டிய இடம் நிலையான சொத்துக் குறிப்பு. அங்கே வருட ஆரம்பம், சேர்த்தது, கழித்தது, முடிவு என்று நாலு பத்தி இருக்கும். சேர்த்ததைத் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள். புதிய ஆலை கட்டவில்லை, திறன் கூடவில்லை, ஆனால் வருடா வருடம் தேய்மானத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சேர்கிறது என்றால் என்னதான் வாங்கினார்கள்? 'நடப்பில் உள்ள மூலதனப் பணி', அதாவது இன்னும் முடியாத கட்டடம், இயந்திரம் வருகிற வரியை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். அங்கே கிடக்கும்வரை தேய்மானமே கிடையாது, செலவைப் புதைக்க அதைவிட வசதியான குழி இல்லை. 2021 ஏப்ரல் முதல் அதற்கு வயது வாரியான பட்டியல் போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு மேல் கிடக்கும் பணி எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரியும். மென்பொருள், மருந்துக் கம்பெனிகளில் இதே வேலை 'உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்து' என்ற பெயரில் நடக்கும். சம்பளம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

தேய்மானத்தையே ஒடுக்குவது இன்னும் சத்தமில்லாத வேலை. வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்கக் குப்பை அள்ளும் கம்பெனி 1990களில் குப்பை லாரிகளின் ஆயுளைக் காகிதத்தில் நீட்டியது. ஓய்ந்துபோன லாரியை விற்றால் நல்ல காசு வரும் என்றும் எழுதிக்கொண்டது. குப்பை லாரிக்கு! 1998இல் திருத்தி எழுதியபோது சரிசெய்த தொகை 170 கோடி டாலர். நம் ஊரில் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரத்துக்கு 15 வருடம், கம்ப்யூட்டருக்கு 3 வருடம் என்று ஆயுள் சொல்கிறது. கம்பெனி வேறு ஆயுள் வைத்தால் காரணம் சொல்ல வேண்டும். கணக்குக் கொள்கைகள் பகுதியில் அந்த அட்டவணை இருக்கும். போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். 'தொழில்நுட்ப மதிப்பீட்டின்படி' என்ற சொற்றொடரோடு 15 வருடம் 20 ஆகியிருந்தால் பென்சிலால் வட்டம் போடுங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் சலிப்பூட்டும் பக்கம்தான், அதனால்தான் அங்கே வைக்கிறார்கள்.

விற்பனைப் பக்கம் வருவோம். சன்பீம் என்று ஒரு அமெரிக்க வீட்டுச் சாமான் கம்பெனி. 1996இல் ஆல் டன்லப் என்பவர் தலைவராக வந்தார். முதல் வருடம் ஒரேயடியாகச் செலவுகளைக் கொட்டி நட்டம் காட்டினார். அதில் தேவைக்கு மேல் ஒதுக்கி வைத்ததை அடுத்த வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து லாபத்தில் கலந்தார். கூடவே, கோடைகாலத்தில் தோட்டத்தில் வைத்துச் சுடுகிற கேஸ் அடுப்புகளைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்களுக்கு விற்றதாக எழுதினார். பொருள் சன்பீம் ஏற்பாடு செய்த கிடங்கிலேயே இருக்கும், காசு பிறகு வரும், பில் மட்டும் இன்றே. 1997இல் காட்டிய 18.9 கோடி டாலர் லாபத்தில் குறைந்தது 6 கோடி மோசடியால் வந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர் சொன்னது.

அடுத்த வருட விற்பனையை இழுத்துப் பிடித்து இந்த வருடம் போடுவது நம் ஊர் மொத்த வியாபாரிகளுக்கும் புதிதில்லை. மார்ச் கடைசி வாரம் டீலர் கடைக்குப் போய்ப் பாருங்கள், நடக்க இடமிருக்காது. இதைப் பிடிக்க வரவேண்டிய பாக்கியை விற்பனையால் வகுத்து நாளாக்குங்கள். 60 நாளில் வந்த காசு 95 நாளாகிறது என்றால், மார்ஜின் ஏறிய விதம் புரிந்துவிடும்.

புதுத் தலைவர் வந்த முதல் வருடப் பெரிய நட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பார்த்துப் பயந்து விற்பவர்கள் ஒரு பக்கம், அடுத்த வருட ஏற்றத்தைப் பார்த்து ஓடிப்போய் வாங்குபவர்கள் ஒரு பக்கம். இரண்டு வருடத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். உண்மை மார்ஜின் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். 'அசாதாரணச் செலவு' என்று தனி வரியில் தள்ளுவதற்கும் இதே மருந்து. ஐந்து வருடத்தில் நாலு வருடம் வந்தால் அது அசாதாரணம் இல்லை, மாமியார் வருகை மாதிரி வழக்கமானதுதான். கூட்டிக் கழியுங்கள்.

இனி நேர்மையான கம்பெனியிலும் நடக்கிற ஒன்று. இதில் ஏமாற்று இல்லை, ஆனால் பார்க்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கள் மில் சொந்தப் பஞ்சில் நூற்றால்: பஞ்சு 70, நூற்கும் செலவு 25, விற்பனை 100, லாபம் 5, அதாவது 5 சதவீதம். அதே நூலை இன்னொருத்தர் பஞ்சில் கூலிக்கு நூற்றால்: கூலி வரவு 30, செலவு 25, லாபம் அதே 5. ஆனால் மார்ஜின் 16.7 சதவீதம். ஒரு பைசா கூடவில்லை, கீழே வகுக்கிற எண் சுருங்கிவிட்டது. எங்கள் முதலாளி ஒரு வருடம் பாதி ஸ்பிண்டிலைக் கூலி ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, நிர்வாகத் திறமையால் மார்ஜின் ஒன்றரை மடங்கு என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினோம். அதனால் மார்ஜினை மட்டும் பார்க்காதீர்கள், லாபத்தை ரூபாயில் பக்கத்தில் எழுதுங்கள். போட்ட முதலுக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

ஜப்பானின் தோஷிபா இதற்கு உறவான வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்தது. கம்ப்யூட்டர் பாகங்களைத் தைவானில் பொருத்திக் கொடுக்கிறவர்களுக்கு வாங்கிய விலையைப் போலப் பல மடங்குக்கு விற்று, அந்த வித்தியாசத்தை உடனே லாபமாக எழுதிக்கொள்ளும். முடிந்த கம்ப்யூட்டரைத் திருப்பி வாங்கும்போது அந்தக் கூடுதல் விலை தன் தலையிலேயே விழும், ஆனால் அது அடுத்த காலாண்டுக் கவலை. மேலிடம் கொடுத்த எட்டாத இலக்குகளுக்கு அங்கே 'சேலஞ்ச்' என்று பெயர். 2015இல் தலைவர் ஹிசாவோ தனாகா ராஜினாமா செய்தார்.

எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முன்னால் உள்ள லாபம், என்ற சொல் எனக்குப் பிடிக்காது. தேய்மானமும் வட்டியும் செலவே இல்லை என்பது போல ஒரு பேச்சு. அதிலும் ஒரு முக்கிய விஷயம்: 2019 ஏப்ரல் முதல் இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் விதி வந்தது. அதன்படி நீண்ட கால வாடகை இப்போது வாடகை வரியில் வராது, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்துவிடும். அதனால் வாடகைக் கடைகள் நிறைய வைத்திருக்கிற சில்லறை வியாபாரக் கம்பெனி, தியேட்டர் கம்பெனி, விமானக் கம்பெனி எல்லாவற்றுக்கும் அந்த வருடம் எபிட்டா மார்ஜின் தானாகத் தூக்கிக் காட்டியது. விதியை யாரும் மீறவில்லை. ஆனால் 2018ஐயும் 2020ஐயும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று பேசினால் அது வளர்ச்சியில்லை. ரொக்க ஓட்டக் கணக்கில் குத்தகைக் கடன் அடைத்தது என்று ஒரு வரி இருக்கும், அதை எடுத்து எபிட்டாவில் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இதர வருமானத்தை மார்ஜினுக்குள் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கப் பத்து விநாடி போதும். நிலம் விற்ற லாபமும் பங்கு விற்ற லாபமும் உள்ளே இருந்தால் எடுத்து வீசுங்கள். முதலாளியின் குடும்பக் கம்பெனி விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மூலப்பொருளை அவர்கள் தனியார் கம்பெனி மலிவாகக் கொடுத்தால் பட்டியலிட்ட கம்பெனியின் மார்ஜின் அழகாகத் தெரியும். பங்கு வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு வருடங்களில் இந்தப் பாசம் பொங்கும், வெளியீடு முடிந்ததும் விலை ஏறிவிடும். 'சார்புடைய தரப்பினர்' குறிப்பில் யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினார்கள், விற்றார்கள் என்று பட்டியல் உண்டு. மொத்தக் கொள்முதலில் அது எத்தனை சதவீதம் என்று வகுத்துப் பாருங்கள். கால்வாசிக்கு மேல் போனால் அந்த மார்ஜின் கம்பெனியின் மார்ஜின் இல்லை, குடும்பத்தின் மார்ஜின்.

இவ்வளவும் பார்த்துவிட்டு ஒரு சோதனையை எல்லோரும் சொல்வார்கள்: லாபத்தைப் பேனாவால் எழுதலாம், காசை எழுத முடியாது, ஆகவே செயல்பாட்டில் வந்த ரொக்கத்தைப் பார் என்று. நல்ல சோதனைதான். ஐந்து வருட எபிட்டாவைக் கூட்டுங்கள், ஐந்து வருடச் செயல்பாட்டு ரொக்கத்தை வரி கட்டுவதற்கு முன்னால் உள்ள எண்ணாக எடுத்துக் கூட்டுங்கள். 100க்கு 80 வந்தால் பரவாயில்லை, 40 என்றால் மீதி 60 எங்கே என்று கேளுங்கள். நான் சொன்ன இருப்பு வித்தையும், விற்பனையை இழுத்துப் பிடிப்பதும் இங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் செலவைச் சொத்தாக்கியது மாட்டாது, ஏனென்றால் அந்தக் காசு முதலீட்டு வரிக்குப் போயிருக்கும். அதனால் முதலீட்டுச் செலவையும் கழித்துப் பாருங்கள்.

காசையே எழுதிவிட்டால்? அதைத்தான் ஹைதராபாத்தில் செய்தார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். புலிமேல் சவாரி செய்தேன், அது தின்றுவிடாமல் இறங்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் பார்ப்பது அதற்கு மேலே உள்ள எண்களை. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு விற்பனை 2,700 கோடி என்று காட்டியிருந்தார்கள், உண்மை 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டியது, உண்மை 61 கோடி. அதாவது 24 சதவீத மார்ஜின் என்று உலகமே பாராட்டியது உண்மையில் 3 சதவீதம்.

இப்போது பென்சிலை எடுங்கள். 2,700இல் 2,112 போனால் 588. 649இல் 61 போனால் அதே 588. இதில்தான் எல்லாம் இருக்கிறது. பொய்யாக எழுதின விற்பனைக்குச் சம்பளம் இல்லை, கரண்ட் இல்லை, பயணச் செலவு இல்லை. முழுத்தொகையும் நேராக லாபத்தில் விழும். அதனால் போலி விற்பனை கொஞ்சமாக இருந்தாலும் மார்ஜின் பயங்கரமாக வீங்கும். எல்லோரும் 588 கோடி ஏமாற்று என்று படித்தார்கள். நான் அந்த இரண்டு கழித்தலும் ஒரே விடையில் முடிந்ததைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு என் மில் கணக்கு நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். நாங்களும் செலவில்லாத லாபத்தைத்தான் எழுதினோம்.

எழுதின லாபத்தை எங்காவது நிறுத்த வேண்டுமே. வரவேண்டிய பாக்கியாக வைத்தால் நாள் கணக்குக் காட்டிக்கொடுக்கும், இருப்பாக வைக்க மென்பொருளுக்குக் கிடங்கு இல்லை. ஆகவே பேங்க் பணம் என்று வைத்தார்கள். 5,361 கோடி ரொக்கமும் பேங்க் இருப்பும் என்று காட்டியதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வர வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால், டிசம்பர் 16இல், ராஜு குடும்பத்தின் நிலம், கட்டுமானத் தொழில் செய்த மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, முதலீட்டாளர்கள் கொதித்ததும் பின்வாங்கினார்கள். சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால்தான் மேட்டாஸ். இல்லாத சொத்து நின்ற இடத்தில் நிஜச் சொத்தை வைத்து ஓட்டையை அடைப்பதுதான் திட்டம் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு ஏழு வருடச் சிறை விதித்தது.

அதனால் ரொக்கத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். வழி சுலபம். பேங்க் இருப்பு எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு வந்தது? ஆரம்ப இருப்பையும் கடைசி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து, வட்டி வருமானம் அதில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நம் ஊர் பேங்க் டெபாசிட் கொடுக்கிற வட்டிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லையென்றால் ஒன்று பணம் அங்கே இல்லை, இல்லை மார்ச் 31 அன்று மட்டும் வந்து போகிறது, அதுவும் இல்லையென்றால் எங்கோ அடமானமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கையில் 300 கோடி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே 250 கோடிக்குக் கடன் வாங்கி ஒன்பது, பத்து சதவீத வட்டி கட்டுகிற கம்பெனியைப் பார்த்தால், உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள்.

அண்ணன் மகனின் கம்பெனிக்கு இதையெல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒரு ஞாயிறு போதவில்லை, இரண்டாயிற்று. இருப்பு நாள் சரி. பாக்கி 58 நாளிலிருந்து 71, கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். தேய்மான ஆயுள் மாறவில்லை. ஏழு சதவீத ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்று, பழைய வியாபாரம் ஒன்றைக் கமிஷன் முறைக்கு மாற்றி விற்பனை எண்ணைச் சுருக்கியதால் வந்தது. அதைக் குறிப்பு 31இல் அவர்களே எழுதியிருக்கிறார்கள், பச்சைக் கோட்டில்தான் இல்லை. மீதி நான்கு உண்மை என்றே தோன்றியது. கடைசியாக வட்டிக் கணக்கு. சராசரி பேங்க் இருப்பு 212 கோடி, வட்டி 3 கோடியே 40 லட்சம். 1.6 சதவீதம்தான் வந்தது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கரன்ட் அக்கவுன்ட்ல வெச்சிருப்பாங்களோ அத்தை?"

"இருக்கலாம் சாமி. கேட்டாத்தான் தெரியும்."

பத்துப் பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். இப்போதெல்லாம் பல கம்பெனிகள் வீடியோவிலேயே நடத்துகின்றன, பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதும். அவனும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். என்ன கேட்பது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தான், பாதி புகழ்ச்சி. அதை வாங்கி அடித்துவிட்டு ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: மார்ச் 31 தவிர மற்ற பதினோரு மாதக் கடைசிகளில் பேங்கில் எவ்வளவு இருந்தது?